347க்கும் 348க்கும் நடுவே

முதலில் எழுது, அப்புறம் செய்.
நாங்கள் கட்டும் தரவுத்தளத்துக்கு அதுதான் வேதம்.
புளியரைச் சோதனைச் சாவடியில்
மாடக்கண்ணு அதை யாரும் சொல்லாமலே செய்கிறார்:
வண்டி எண், சரக்கு, நேரம்
நோட்டில் ஏறாமல் தடுப்புக் கட்டை ஏறாது.
எத்தனை ஹாரன் அடித்தாலும்.

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் இப்பால்
எடைமேடைக்கு மேல் என் அறை.
பகலில் எம்-சாண்ட் லாரிகளுக்கு எடைச்சீட்டு.
ராத்திரியில், உலகம் சும்மா எடுத்துக்கொள்ளும் ஒரு மென்பொருளுக்கு
பேட்ச் போடுகிறேன்.
பேட்ச் என்றால் டயர் கடை இசக்கிதுரைக்கும் தெரியும்.
"ஒரு ஒட்டுக்கு எவ்வளவு குடுப்பான்?"
அதை மட்டும் கேட்பார்.

என்னுடையது அறுபத்திரண்டு வரி.
பதிவேடு வட்டில் இறங்கும் வேகத்தை
நூற்றுக்குப் பதினொன்று கூட்டியது.
ப்ர்னோவிலிருந்து ஒன்ட்ரேய் "அழகு" என்றான்.
இன்னொருவர் இடைவெளிகளை எண்ணித் திருத்தினார்.
மாறியின் பெயர் நீளம் என்றார் மூன்றாமவர்.
அந்தப் பெயருக்கு மட்டும்
நாற்பது கடிதம் நடந்தது.

பிறகு ஜிஷா ஸ்கரியா.
புனலூர். மலைக்கு அந்தப் பக்கம்.
பதின்மூன்று கண் பாலத்தில் ஊர்ந்து போகும் ரயிலில்
இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம்.
போனதில்லை. முகம் தெரியாது.
ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்:
347க்கும் 348க்கும் நடுவே கரண்ட் போனால்?

போகாது என்று எழுதினேன்.
அந்த இரண்டு வரிக்கு நடுவே
ஒரு கொசு சிறகடிக்கவும் நேரமில்லை என்று எழுதினேன்.
உங்களுக்கு வேறு வேலையில்லையா என்றும் எழுதி
அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்து
மிச்சத்தை அனுப்பினேன்.

"போகும். எங்கள் ஊரில்
ஒரு மழைக்கு ஏழு தடவை."

ஆனி மாதம்.
அங்கே கொட்டுவது மலையேறி
ஆரியங்காவில் பாதியை இறக்கிவிட்டு
இங்கே வரும்போது சாரல்.
அவருக்குக் கரண்ட் போய் இருபது நிமிஷத்தில்
எனக்கும் போகும்.
பிரதியெடுப்பில் தாமதம் என்று
நாங்கள் சொல்வது இதைத்தான்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் எடைக்கணக்கை ஓடவிட்டு
யுபிஎஸ் வயரைப் பிடுங்கிக் காற்றுக்குக் கொடுத்தேன்.
முதல் நாள் ஆறு முறை அணைந்தது.
ஆறு முறையும் ஒரு பொட்டுக் குறையாமல் எழுந்தது.
ஜெயித்துவிட்ட நினைப்பில்
ராத்திரி ரெண்டு மணிக்கு புரோட்டா தின்றேன்.

நான்காம் நாள், முப்பத்தொன்றாவது முறை,
எழுந்து வந்த பட்டியலில் ஒரு லாரி இல்லை.
பன்னிரண்டு சக்கரம். நிகரம் இருபத்தாறு டன்.
சேர்த்தாயிற்று என்று திரை சொல்லி
சீட்டும் கிழித்துக் கொடுத்தாயிற்று.
டிரைவர் இந்நேரம் கொல்லத்தில் மணலை இறக்கியிருப்பார்.
என் கணக்கில்
அப்படியொரு வண்டி பிறக்கவே இல்லை.

கரண்ட் மேல் பழி போடலாம்.
ஆனால் பொய் சொன்னது கரண்ட் இல்லை.

"போனது" என்று ஒற்றைச் சொல் அனுப்பினேன்.
நான் சொன்னேனே என்று வரும் என்றிருந்தேன்.
"எத்தனை டன்?" என்று வந்தது.

ஒன்பதாவது பதிப்பில்
348ஐத் தூக்கி 347க்கு மேல் வைத்தேன்.
பதினொன்று சுருங்கி ஒன்றரை ஆனது.
ஒன்றரைக்கா இத்தனை கடிதம் என்றார் யாரோ.
அடுத்த சீசனுக்குத் தள்ளிவிட்டார்கள்.
குற்றாலத்தில் கடைகளைப் பிரிக்கிறார்கள் இப்போது,
நேந்திரம் சிப்ஸ் பாதி விலை.

நேற்று ஜிஷா தன் பேட்ச் ஒன்றை அனுப்பினார்,
பாருங்கள் என்று மட்டும் சொல்லி.
இருநூறு வரி. சுத்தமான கை.
தொண்ணூறு வரை பழுது தெரியவில்லை.
அதற்கடுத்த வரியில் ஏதோ
கல் போல நெருடியது.
என்ன என்று குனிந்த நேரம்
கரண்ட் போயிற்று.

எடைச்சீட்டு ஒன்றின் முதுகில்
இருட்டில் தடவித் தடவி
90, 91 என்று குறித்தேன்.
கீழே எவனோ ஹாரனில் கை வைத்து
எடுக்காமல் நிற்கிறான்.

இருப்பா.
எழுதிவிட்டு வருகிறேன்.